குளத்துக்குத் தண்ணீர் வந்ததா என்று கேளுங்கள்: செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல், சேலம் பதிப்புகளின் செய்தி ஆசிரியர்களுக்கும், சென்னையில் உட்கார்ந்து எங்கள் பக்கத்துத் தேர்தலைக் காட்டுகிற செய்தித் தொலைக்காட்சி ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

நான் அவிநாசிப் பக்கம் பேப்பர் ஏஜெண்ட். உங்களில் சிலருடைய நாளிதழ் என் கடை வழியாகத்தான் வீடுகளுக்குப் போகிறது. கட்டுப் பிரிக்கிற அவசரத்தில் தலைப்பைத் தாண்டி எதையும் படிக்க முடியாது. பையன்கள் லைனுக்குக் கிளம்பிப் போன பிறகுதான் உட்கார்ந்து படிப்பேன். அதனால் நீங்கள் என்ன எழுதியிருக்கிறீர்கள் என்பதைவிட, படித்தவர்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பது எனக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். கடைக்குப் பக்கத்திலேயே பேக்கரி. கொங்கு நாட்டில் பேக்கரி என்றால் பன் விற்கிற இடம் மட்டுமில்லை என்று உங்களுக்கும் தெரியும். டீயும் அரசியலும் அங்கேதான்.

தேர்தல் நெருங்கினால் அங்கே ஒரு கேள்வி தவறாமல் எழும். "ஏனுங்க, இந்தப் பேப்பர்காரங்க யாரைச் செயிக்க வெக்கப் பாக்கறாங்க?" பேப்பர் விற்கிறவன் என்பதால் பதில் எனக்குத் தெரியும் என்று நினைத்து என்னைத்தான் பார்ப்பார்கள்.

நான் பார்த்த வரையில், பேப்பர் சொன்னதைக் கேட்டு ஓட்டை மாற்றிப் போட்டவர்கள் இந்தப் பக்கம் குறைவு. தலையங்கம் படிக்கிறவர்களே குறைவு, கோபித்துக்கொள்ளாதீர்கள். சொந்தபந்தம், சாதி, கட்சிக்காரரோடு உள்ள பழக்கம், தறி ஓடுகிறதா நிற்கிறதா, கரண்ட் பில் எவ்வளவு வந்தது, கடைசி இரண்டு நாளில் வீட்டுக்கு என்ன வந்தது என்று ஓட்டுக்குப் பின்னால் ஆயிரம் கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கில் உங்கள் பங்கு நீங்கள் நினைப்பதைவிடச் சிறியது.

ஆனால் தலைவர்களை உங்களால் ஆட்டுவிக்க முடிகிறது. எதைப் பற்றி அவர்கள் வாய் திறக்க வேண்டும், எதைப் பற்றித் திறக்காமலே ஐந்து வருடத்தை ஓட்டிவிடலாம் என்பதை நீங்கள் நீட்டுகிற மைக் முடிவு செய்கிறது. என் வருத்தமெல்லாம் அந்த மைக்கைப் பற்றித்தான்.

அன்னூர் விழாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2025 பிப்ரவரி 9ஆம் தேதி, அன்னூரை அடுத்த கஞ்சப்பள்ளியில் எடப்பாடி பழனிசாமிக்கு ஒரு பாராட்டு விழா. அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தைக் கொண்டுவந்ததற்காகத் திட்டக் கூட்டமைப்பினர் நடத்தியது. அவருடைய அதிமுகவிலேயே மூத்த தலைவரான செங்கோட்டையன் அந்த விழாவுக்குப் போகவில்லை. எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா படம் இல்லாததால் போகவில்லை என்று மறுநாள் சொன்னார். அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. கோபிச்செட்டிபாளையத்தில் அவர் வீட்டு வாசலில் கேமராக்கள் குடியேறின. கார் எந்தப் பக்கம் திரும்புகிறது, யார் வீட்டுக் கல்யாணத்தில் யாரைப் பார்த்துச் சிரித்தார் என்பது வரைக்கும் நேரலை. அந்தக் கதை அப்புறம் உண்மையிலேயே பெரிதானது. செப்டம்பரில் கெடு விதித்தார், கட்சிப் பொறுப்புகள் பறிக்கப்பட்டன, அக்டோபர் கடைசியில் கட்சியை விட்டே நீக்கப்பட்டார், பிறகு வேறு கட்சியில் சேர்ந்தார். அது செய்தி இல்லை என்று நான் சொல்லவில்லை. ஒன்பது முறை சட்டமன்றம் போனவர் கட்சி மாறினால் அதை எழுதாமல் வேறு எதை எழுதுவது?

ஆனால் அன்று விழா எதற்காக நடந்தது? அரை நூற்றாண்டுக்கும் மேலாக எங்கள் பெரியவர்கள் கேட்டுக் கேட்டு ஓய்ந்த தண்ணீருக்காக. பவானி ஆற்றில் காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே போகிற உபரி நீரில் 1.5 டிஎம்சியை எடுத்து, ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாக மேட்டுக்கு ஏற்றி, ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளை நிரப்பும் திட்டம். செலவு 1,900 கோடி ரூபாய்க்கு மேல். 2019இல் அடிக்கல் நாட்டியவர் எடப்பாடி பழனிசாமி, 2024 ஆகஸ்ட் 17இல் தொடங்கி வைத்தவர் மு.க. ஸ்டாலின். இருவரும் இது தன்னுடையது என்கிறார்கள். நீங்களும் இருவரிடமும் மாற்றி மாற்றி அதையே கேட்டீர்கள். யார் கொண்டுவந்தது, யார் முடித்தது, யார் யாருடைய திட்டத்துக்கு ஸ்டிக்கர் ஒட்டியது.

பேக்கரியில் ஒரு பெரியவர் பேப்பரை இரண்டு முறை புரட்டிவிட்டு என்னிடம் கேட்டார். "படம் இல்லீன்னு போட்டிருக்குது, செரி. எங்கூரு குட்டைக்குத் தண்ணி வருமா வராதா, அதைய எங்கீங்க போட்டிருக்குது?"

எங்கும் போடவில்லை. 1,045இல் எத்தனைக்கு இந்த வருடம் தண்ணீர் ஏறியது, எத்தனை நாள் ஏறியது, கடைமடையில் இருக்கிற குட்டைக்குக் குழாய் வந்தும் தண்ணீர் வராததற்கு என்ன காரணம், பவானியில் உபரி இல்லாத வருடத்தில் என்ன செய்யப் போகிறார்கள், விடுபட்ட குளங்களைச் சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கை எந்த மேசையில் கிடக்கிறது? இதில் ஒரு கேள்வியையாவது அந்த வாரம் செங்கோட்டையனிடமும் பழனிசாமியிடமும் கேட்டிருந்தால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒருவர் அமைச்சராக இருந்தவர், இன்னொருவர் முதலமைச்சராக இருந்தவர். கேள்வி வரவில்லை, பதிலும் வரவில்லை. தலைவர்கள் கெட்டிக்காரர்கள். எந்தக் கேள்வி வரும் என்று பார்த்துத்தான் எதைப் படித்துக்கொண்டு வர வேண்டும் என்று முடிவு செய்கிறார்கள். அடுத்த கட்சிக்காரரைப் பற்றி மட்டும் கேள்வி வரும் என்று தெரிந்தால் குளத்துக் கணக்கை எதற்குக் கையில் வைத்திருக்க வேண்டும்?

இதையெல்லாம் நானாக யோசித்துச் சொல்லவில்லை. என் மருமகள் இதழியல் படித்தவள். அவள் சொன்ன இரண்டு ஆய்வுகள் எனக்குப் பிடித்துப்போயின. 1940இல் அமெரிக்காவில் ஓஹியோ மாநிலத்து ஈரி மாவட்டத்தில், அதிபர் தேர்தல் சமயத்தில் வாக்காளர்களை மாதக்கணக்கில் திரும்பத் திரும்பச் சந்தித்துக் கேட்டார்கள். பத்திரிகையும் வானொலியும் நேராகப் போய் மனதை மாற்றியது குறைவு, பழகிய ஆட்களின் பேச்சுதான் அதிகம் வேலை செய்தது என்று தெரிந்தது. நம் பேக்கரிதான் அது. அப்புறம் 1968இல் சாப்பல் ஹில் என்ற ஊரில், யாருக்கு ஓட்டு என்று முடிவு செய்யாத 100 பேரிடம் நாட்டில் முக்கியமான பிரச்சினைகள் எவை என்று கேட்டார்கள். அவர்கள் சொன்ன வரிசையும், அவர்கள் பார்த்த பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் எதற்கு எவ்வளவு இடம் கொடுத்தன என்ற வரிசையும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தன. யாருக்கு ஓட்டு என்பதை உங்களால் சொல்ல முடியாமல் போகலாம், எதை வைத்து ஓட்டு என்பதை நீங்கள் சொல்லிவிடுகிறீர்கள்.

கொங்கு நாட்டில் இதற்கு ஆய்வுகூடத் தேவையில்லை, மொடக்குறிச்சி போதும்.

1996 சட்டமன்றத் தேர்தலில் மொடக்குறிச்சித் தொகுதியில் 1,033 பேர் போட்டியிட்டார்கள். வாக்குச்சீட்டு புத்தகமாக அச்சடிக்கப்பட்டது. வாக்குப்பெட்டியைப் பெரிதாகச் செய்ய வேண்டியிருந்தது. தேர்தலே தள்ளிப்போய்த் தனியாக நடந்தது. கடைசியில் திமுகவின் சுப்புலட்சுமி ஜெகதீசன் வென்றார். இதெல்லாம் எங்கள் பக்கம் நடுவயது தாண்டிய எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். பொது அறிவுப் போட்டிகளில்கூட இது கேள்வியாக வருகிறது. சரி, அந்த ஆயிரம் பேர் எதற்காக மனு போட்டார்கள் என்று கேட்டுப் பாருங்கள். "விவசாயிங்க ஏதோ கோவத்துல" என்பதோடு நின்றுவிடும்.

ஏதோ கோபம் இல்லை. எத்தனை மனு கொடுத்தும் யாரும் காது கொடுக்கவில்லை என்று விவசாயிகள் எடுத்த முடிவு அது. கட்சிகள் கேட்கவில்லை, அரசு கேட்கவில்லை, ஓட்டுச்சீட்டிலாவது எங்கள் பெயர் இருக்கட்டும் என்று ஆளுக்கு 250 ரூபாய் டெபாசிட் கட்டினார்கள். அதே 1996இல் தெலங்கானாப் பக்கம் நல்கொண்டா நாடாளுமன்றத் தொகுதியில் 480 பேர் நின்றார்கள். ஃப்ளோரைடு கலந்த குடிநீர்தான் காரணம். இரண்டு இடத்திலும் செய்தியாளர்கள் குவிந்தார்கள். புத்தகம் போன்ற சீட்டைப் படம் பிடித்தார்கள், எண்ணிக்கையைத் தலைப்பாக்கினார்கள். அரசுக்கும் விஷயம் உடனே எட்டியது. அதே வருடம் சட்டத்தைத் திருத்தி, சட்டமன்றத் தேர்தல் டெபாசிட்டை 250இல் இருந்து 5,000 ரூபாய் ஆக்கினார்கள். விவசாயியின் குறையைத் தீர்த்தார்களோ இல்லையோ, அவன் மறுபடி அப்படி மனு போட முடியாதபடி செய்துவிட்டார்கள். எனக்கு இதில் அரசின் மேல் உள்ள கோபத்தில் பாதி உங்கள் தொழிலின் மேலும் உண்டு. ஆயிரம் பேர் என்பது வேடிக்கையாக எழுதப்பட்டதால் அதற்குத் தீர்வும் வேடிக்கையை நிறுத்துவதாகவே வந்தது. குறையாக எழுதியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று இப்போது சொல்ல முடியாது, ஆனால் அந்த வாய்ப்பே கொடுக்கப்படவில்லை.

நட்சத்திரத் தொகுதி என்று ஒன்று வைத்திருக்கிறீர்களே, அதையும் சொல்லிவிடுகிறேன். 2021இல் கோவை மாவட்டத்தின் பத்துத் தொகுதிகளில் ஒன்றில்தான் தேர்தல் நடக்கிறது என்று வெளியூர்க்காரர் நினைத்திருப்பார். கோவை தெற்கு. கமல்ஹாசன் நின்றார், வானதி சீனிவாசன் 1,728 ஓட்டில் வென்றார். பரபரப்பான போட்டிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வால்பாறையில் தோட்டத் தொழிலாளி என்ன சொன்னார், சூலூரில் தறிக்காரர் என்ன கேட்டார்? 2024இல் மறுபடியும் அதே கதை. கோவை நாடாளுமன்றத் தொகுதியில் அண்ணாமலை நின்றதால் டெல்லி வரைக்கும் எல்லாச் சேனல்களும் வந்து இறங்கின. அன்னபூர்ணாவில் காபி குடித்துக்கொண்டே பேட்டி எடுத்தார்கள். திமுகவின் கணபதி ராஜ்குமார் 1.18 லட்சம் ஓட்டு வித்தியாசத்தில் வென்றார். அவர் பெயரைச் சரியாக உச்சரிக்க வடக்கத்திச் சேனல்கள் ஜூன் 4 வரை காத்திருந்தன என்று எங்கள் பேக்கரியில் ஒரு கேலி ஓடியது.

இந்த வட்டாரத்தை ஒரே கட்சியின் நிறத்தில் பூசி வரைபடம் காட்டுவதையும் கொஞ்சம் நிறுத்தலாம். 2021 மே மாதத்தில் கோவை மாவட்டத்தின் பத்துத் தொகுதியும் அதிமுக கூட்டணிக்குப் போனது. 2022 பிப்ரவரியில் கோவை மாநகராட்சியின் 100 வார்டுகளில் 96ஐத் திமுக கூட்டணி பிடித்தது. ஒரு வருடம்கூட ஆகவில்லை. இப்படி மாற்றிப் போடுகிற ஜனங்களை ஒரே நிறத்தில் பூசினால் இரண்டு பக்கத்துத் தலைவர்களுக்கும் அது வசதி. ஒருவர் இங்கே உழைக்க வேண்டியதில்லை, எப்படியும் நமக்குத்தான். இன்னொருவரும் உழைக்க வேண்டியதில்லை, எப்படியும் நமக்கு இல்லை.

கருத்துக்கணிப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம் என்று பார்க்கிறேன். 2024 ஜூன் முதல் தேதி மாலை எல்லாச் சேனல்களிலும் மத்தியில் ஆளும் கூட்டணிக்கு 350, 400 என்று ஓடியது. கிடைத்தது 293. தமிழ்நாட்டில் பாஜக கூட்டணிக்குச் சில இடங்கள் வரும் என்றார்கள். 39ம் திமுக கூட்டணிக்கே போனது. தவறிப்போவது மனித இயல்பு. ஆனால் எத்தனை பேரிடம், எந்த ஊரில், என்ன கேட்டு இந்த எண் வந்தது என்று திரையின் மூலையில்கூட ஒரு வரி போடாமல் அடுத்த தேர்தலுக்கும் அதே பெட்டியைத் திறப்பதற்குப் பெயர் கணிப்பு இல்லை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் பிரிவு 126ஏ கடைசி ஓட்டு விழும் வரை வாக்குக் கணிப்பை வெளியிடத் தடை போட்டிருக்கிறது. வெளியிட்ட பிறகு அது தப்பானால் யாரிடம் கேட்பது என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை. அதை நீங்களாகத்தான் செய்ய வேண்டும்.

இனி என் தொழில் சம்பந்தப்பட்டது. இதில் நான் கொஞ்சம் நீட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2021 ஏப்ரல் 6 வாக்குப்பதிவு. அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, பிரச்சாரம் முடிகிற நாள், பேப்பரை மூடிக்கொண்டு அதிமுகவின் நான்கு பக்க விளம்பரம் வந்தது. தலைப்பு, பத்தி, படம் என்று பார்த்தால் செய்திப் பக்கம் மாதிரியே இருந்தது. விளம்பரம் என்ற சொல் எங்கே இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். திமுக தேர்தல் ஆணையத்தில் புகார் கொடுத்தது. அந்தக் கட்சியும் விளம்பரத்தில் சளைத்தது இல்லை, முதல் பக்கத்தை முழுதாக வாங்கி முகம் போடுவது எல்லோரும் செய்வதுதான். ஆனால் அன்று காலையில் பேப்பர் வாங்க வந்தவர்கள் என்னைக் கேட்ட கேள்வி எனக்கு மறக்காது. "இது நெசமாலும் நடந்ததுங்களா, இல்ல காசு குடுத்துப் போட்டதுங்களா?" சந்தா கட்டிப் பேப்பர் வாங்குகிற ஆள் இப்படிக் கேட்கிறார். அந்தச் சந்தேகம் மறுநாள் உண்மையான செய்தி வரும்போதும் போகாது என்பதுதான் உங்களுக்கு நஷ்டம். விளம்பரப் பணம் ஒரு நாள் வரும், இந்தச் சந்தேகம் தினமும் வரும்.

காசு வாங்கிக்கொண்டு செய்தியாகவே போடுவது இன்னும் மோசம். 2009 தேர்தல்களில் அது தலைவிரித்து ஆடியது என்று இந்தியப் பிரஸ் கவுன்சில் நியமித்த இருவர் குழு விரிவாக எழுதியது. 2010இல் கவுன்சில் அதைச் சுருக்கித்தான் வெளியிட்டது. முழு அறிக்கை வெளியே வரத் தகவல் ஆணையம் உத்தரவு போட வேண்டியிருந்தது. 2011இல் உத்தரப் பிரதேசச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரைக் காசுச் செய்திச் செலவைக் கணக்கில் காட்டாததற்காகத் தேர்தல் ஆணையம் மூன்று வருடம் தகுதி நீக்கம் செய்தது. அப்புறம் மாவட்டம்தோறும் ஊடகச் சான்றளிப்பு, கண்காணிப்புக் குழு என்று ஒன்று ஆட்சியர் அலுவலகத்தில் உட்கார்கிறது. தொலைக்காட்சி விளம்பரத்தை முன்கூட்டிப் பார்க்கிறது, வாக்குப்பதிவு நாளும் அதற்கு முந்தைய நாளும் பேப்பரில் வருகிற கட்சி விளம்பரத்துக்கும் அதன் ஒப்புதல் வேண்டும். நல்லதுதான். ஆனால் ஒரே வேட்பாளரைப் பற்றி ஒரே வாசகம் மூன்று பேப்பரில் ஒரே நாளில் எழுத்துப் பிசகாமல் வந்தால் அதைக் கண்டுபிடிக்கக் குழு வேண்டாம், என் லைன் பையனே போதும்.

பேப்பருக்குள் வைக்கிற நோட்டீஸ் இன்னொரு சங்கதி. ஜவுளிக்கடை, கண் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூட அட்மிஷன் என்று வருடம் முழுக்க வரும். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. தேர்தல் சமயத்தில் கட்சிக்காரர்களும் கொண்டுவருவார்கள். அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயர் இல்லாத நோட்டீஸ் ஓட்டு சமயத்தில் வெளியிடக் கூடாது என்று சட்டம், பிரிவு 127ஏ. வேட்பாளரின் குடும்பத்தைப் பற்றிக் கண்டபடி எழுதி, கீழே அச்சகத்தின் பெயரே இல்லாமல் ஒரு கட்டு வரும். கூலி இரண்டு மடங்கு தருகிறேன் என்பார்கள். நான் வைப்பதில்லை, வேறு வழியில் அது எப்படியும் வீட்டுக்குப் போய்விடுகிறது என்பது வேறு விஷயம். இப்போது வாட்ஸ்அப்பில் அச்சகமும் வேண்டாம், கூலியும் வேண்டாம். உங்கள் பேப்பரின் பெயரும் எழுத்துருவும் போட்டுப் போலிச் செய்தி அட்டை சுற்றுகிறது. உண்மையான அட்டையும் போலி அட்டையும் ஒரே மாதிரி கத்துகின்றன. நீங்கள் கத்துவதைக் கொஞ்சம் குறைத்தால் போலியைக் கண்டுபிடிப்பது எங்களுக்குச் சுலபமாக இருக்கும்.

நடுநிலை வேண்டும் என்று உங்களுக்குப் பாடம் எடுக்க நான் வரவில்லை. ஈரோட்டில் இருந்து 1925 மே மாதம் பெரியார் "குடி அரசு" வார இதழைத் தொடங்கினார். அது யார் பக்கம், எதற்காக எழுதுகிறது என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் இருந்திருக்காது. பிடித்தவர் வாங்கினார், பிடிக்காதவர் திட்டிக்கொண்டே படித்தார். இன்றைக்கும் கட்சிச் சேனல்கள் அந்த அளவில் நேர்மையானவை. சன் 1993இல், ஜெயா 1999இல், கலைஞர் 2007இல் வந்தது. எந்தச் சேனலைத் திறந்தால் யாருடைய கூட்டம் பெரிதாகத் தெரியும் என்று எங்கள் வீட்டு அம்மாயிக்கே தெரியும். எனக்குப் பயம் எந்தப் பக்கமும் இல்லை என்று சொல்லிக்கொள்கிறவர்கள்மேல்தான். அரசு விளம்பரம் நின்றுவிடுமோ என்று ஒரு கேள்வியை விழுங்குவது, முதலாளியின் வேறு தொழிலுக்கு ஆபத்து வருமோ என்று ஒரு செய்தியை ஆறாம் பக்கத்துக்குத் தள்ளுவது, இதெல்லாம் வாசகர் கண்ணுக்குத் தெரியாது. கோவை அவிநாசி சாலையில் நவஇந்தியா என்று ஒரு நிறுத்தம் இருக்கிறது. பஸ்ஸில் ஏறுகிற பிள்ளைகளில் பாதிப்பேருக்கு அது அங்கே இருந்த ஒரு நாளிதழின் பெயர் என்று தெரியாது. இந்த ஊரிலேயே உட்கார்ந்து இந்த ஊர்ச் செய்தியை முடிவு செய்த ஆசிரியர்கள் இருந்தார்கள். இப்போது எங்கள் தொகுதிக்கு எது பிரச்சினை என்று சென்னையில் முடிவாகி, நிருபருக்கு வாட்ஸ்அப்பில் வருகிறது.

நிருபர் என்றதும் ஒன்று. தாலுகா நிருபர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்களில் பலருக்கு உருப்படியான சம்பளம் கிடையாது. செய்தி கொடுப்பவரே விளம்பரமும் பிடித்துத் தர வேண்டும் என்கிறீர்கள். தீபாவளிக்கும் தலைவர் பிறந்தநாளுக்கும் யாரிடம் வாழ்த்து விளம்பரம் கேட்டுப் போய் நின்றாரோ, அதே ஒன்றியச் செயலாளரிடம் தேர்தல் சமயத்தில் அவர் எப்படிக் கடுமையான கேள்வி கேட்பார்? குளத்தில் மண் அள்ளுகிறவர் யார் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். உங்களுக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்பதும் தெரியும்.

கரூரைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. 2025 செப்டம்பர் 27. காலையில் நாமக்கல்லில் இருந்தே விஜய்யின் வண்டியைத் தொடர்ந்து நேரலை. மேலே ட்ரோன், கீழே ஓடுகிற பையன்கள், "கட்டுக்கடங்காத கூட்டம்" என்று ஒரு குரல் பெருமையாகச் சொல்லிக்கொண்டே இருந்தது. இரவு வேலுச்சாமிபுரத்தில் 41 பேர் செத்தார்கள். பெண்களும் குழந்தைகளும் அதில் அடக்கம். அதற்கு யார் பொறுப்பு என்பது விசாரிக்கிறவர்கள் பாடு, உச்ச நீதிமன்றம் சிபிஐயிடம் கொடுத்தது. நான் உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. ஆனால் கூட்டத்தை வைத்துப் பலத்தை அளப்பது என்ற வழக்கத்தைக் கட்சிகள் மட்டும் வளர்க்கவில்லை. ஒரு தலைவர் சின்ன மண்டபத்தில் இருநூறு விசைத்தறிக்காரர்களோடு உட்கார்ந்து கூலி ஒப்பந்தத்தைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசினால் உங்களிடம் அதற்கு முப்பது நொடி. ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றால் நாள் முழுக்க. எந்தக் கட்சியாக இருந்தாலும் இதைப் பார்த்து எதைக் கற்றுக்கொள்ளும்? குறுகலான ரோடே கேட்பார்கள், அதில்தான் படம் நிறையத் தெரியும். அன்று இரவு துக்கத்தோடு பேசிய அதே சேனல்கள், அதற்கடுத்து வந்த கூட்டங்களையும் அதே ட்ரோனில், அதே குரலில் காட்டின.

கேட்டால் கிடைக்கும் என்பதற்கும் எங்கள் பக்கத்திலேயே சாட்சி உண்டு. 2024 செப்டம்பரில் கோவைக் கூட்டம் ஒன்றில் ஹோட்டல்காரர் ஒருவர் நிதியமைச்சரிடம் பன்னுக்கு ஜிஎஸ்டி இல்லை, க்ரீம் வைத்தால் 18 சதவீதம் என்று சிரிக்கச் சிரிக்கக் கேட்டார். மறுநாள் அவர் மன்னிப்புக் கேட்கிற காட்சி வெளியே வந்தது. நாடு முழுக்கச் செய்தியானது, அந்தக் காட்சியை வெளியிட்டதற்காகப் பாஜகவின் அப்போதைய மாநிலத் தலைவரே வருத்தம் தெரிவிக்க வேண்டியதாயிற்று. பெரிய பெரிய தலைவர்களை ஒரே நாளில் பேச வைத்த பலம் அது. ஆனால் அந்த மூன்று நாளும் நீங்கள் விரட்டியது மன்னிப்பை. ஹோட்டல்காரர் கேட்ட வரிக் கேள்வியை விரட்டியவர் ஓரிருவர்தான். அதே பலத்தில் பாதியை விசைத்தறிக் கூலிக்கோ, சிறு தொழில்களின் மின்சார நிலைக்கட்டணத்துக்கோ, பொள்ளாச்சித் தென்னையின் வாடல் நோய்க்கோ காட்டியிருந்தால் தலைவர்கள் அதற்கும் ஓடி வந்து பதில் சொல்லியிருப்பார்கள்.

ஒரே ஒரு காரியம் கேட்கிறேன். அடுத்து எந்தத் தேர்தல் வந்தாலும், வேட்புமனு முடிந்த வாரத்தில் தொகுதிக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். போன முறை வென்றவர் இந்தத் தொகுதிக்குச் சொன்னது என்ன, நடந்தது என்ன, நடக்காதது என்ன. அதற்குக் கீழே முக்கியமான நான்கு வேட்பாளர்களிடமும் ஒரே கேள்விகள். எங்கள் தொகுதி என்றால் எந்தக் குளத்துக்குத் தண்ணீர், எப்போது, யார் செலவில். பதில் சொல்லாதவர் பெயருக்கு எதிரே அந்த இடத்தை வெள்ளையாகவே விட்டுவிடுங்கள், எதையும் எழுத வேண்டாம். தொலைக்காட்சிக்காரர்களும் இதையே தொகுதிக்குப் பத்து நிமிடமாகச் செய்யலாம், எட்டு பேரை உட்கார வைத்துக் கத்தவிடுகிற செலவைவிட இது குறைவுதான்.

அந்தப் பக்கத்தைத் தனித் தாளாக அடித்து அனுப்பினாலும் சரி. எந்தப் பேப்பர் அனுப்பினாலும் என் லைனில் இருக்கிற எல்லாப் பேப்பருக்குள்ளும் வைத்துக் கொடுக்கிறேன், கூலி வேண்டாம். கீழே அச்சகத்தின் பெயர் மட்டும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு நாளிதழ் முகவர்,
அவிநாசி வட்டாரம்.